பனிமூட்டத்தை விலக்கியபோது: பழைய திகில் கேம்களும் எமுலேட்டரும்

2022 மார்ச் மாத இறுதி. நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த அறையில் காற்றாடி நின்றிருந்தது. அனுப்பவேண்டிய கட்டுரை மடிகணினிக்குள், மடிகணினியில் சார்ஜ் இல்லை. கைபேசியில் மட்டும் 64 சதவீதம் இருந்தது. 19 வருடங்களுக்கு முன்னர் வவுனியாவில் பாதியில் விட்ட ஒரு வீடியோ கேமை அன்றிரவு கைபேசியில் திரும்பவும் தொடங்கினேன்.

கேமின் பெயர் சைலன்ட் ஹில். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1999இல் முதலாவது பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்டது. ஹரி மேசன் என்ற எழுத்தாளர் மகள் ஷெரிலுடன் விடுமுறைக்காக ஒரு சிறு நகரத்துக்குப் போகிறார். வழியில் விபத்து. கண்விழித்தால் மகளைக் காணவில்லை. ஊரில் ஆட்களும் இல்லை. நாலு அடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம். அவ்வளவுதான் தொடக்கம்.

இருட்டறை, தனிமை, காதில் ஹெட்போன். பயப்படுவதற்கு இதைவிட வசதி கிடைக்காது. எனக்குப் பயம் வரவில்லை. ஒரு பொம்மை மனிதர் பொம்மைத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். நாங்கள் சின்ன வயதில் ஏமாந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். காரணம் நானேதான் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. கைபேசி கொடுத்த வசதிகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் போட்டு வைத்திருந்தேன்.

2003இல் எனக்கு 15 வயது. பெரியம்மாவின் மகன் என்னைவிட மூன்று வயது மூத்தவர், எனக்கு அண்ணா. அவர்களது வவுனியா வீட்டில் லண்டன் மாமா அனுப்பிய பிளேஸ்டேஷன் இருந்தது. நகரத்தில் ஒரு கடையில் 'சிப்' அடித்து, பிரதி எடுத்த இறுவட்டுகளும் ஓடும்படி செய்திருந்தார்கள். இறுவட்டு அமெரிக்கப் பதிப்பு, பிளேஸ்டேஷன் ஐரோப்பியப் பதிப்பு, ரீவி அதைவிடப் பழையது. அமெரிக்காவின் என்ரிஎஸ்சி முறைக்கும் இங்குள்ள பால் முறைக்கும் நிறத்தில் ஒத்துவராது. ஆகவே படம் கறுப்பு வெள்ளையில்தான் வந்தது. கேமே அப்படித்தான் என்று நாங்கள் நம்பினோம். ஊர் முழுக்கத் துருவும் இரத்தமும் படிந்திருப்பதை 2022இல்தான் நிறத்தில் பார்த்தேன்.

கேமில் ஹரியிடம் ஒரு சின்ன ரேடியோ இருக்கும். பிராணிகள் நெருங்கினால் அது இரையத் தொடங்கும். பனிமூட்டத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, காதால்தான் பிழைக்கவேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. தொண்ணூறுகளின் முற்பகுதியில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் இரைச்சலுக்குள் போய்விடும். எல்லாரும் ஒருசேர "சுத்து, சுத்து" என்பார்கள்.

இன்னொரு சத்தமும் உண்டு. சைலன்ட் ஹில்லில் சாதாரண உலகம் மாறி, துருப்பிடித்த இருட்டு உலகம் வரும்போது எங்கோ தூரத்தில் அபாயச் சங்கு ஊதும். முதல் தடவை அது ஊதியபோது அடுப்படியில் நின்ற பெரியம்மா வெளியே வந்தார். எங்களை ஒன்றும் கேட்கவில்லை. முற்றத்தில் இறங்கி, வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு ரீவியின் சத்தத்தைக் குறைத்துத்தான் விளையாடினோம்.

இந்தப் பயத்தை அந்தப் பழைய பெட்டி எப்படி உண்டாக்கியது என்பதைச் சொல்ல, பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

முதலாவது பிளேஸ்டேஷன் ஜப்பானில் 1994 டிசம்பரில் வந்தது. அதன் பிரதான நினைவகம் 2 மெகாபைட். படங்களுக்கென்று தனியாக 1 மெகாபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரேயொரு புகைப்படம் அந்த இரண்டையும் நிரப்பிவிடும். இந்த இடுக்குக்குள் ஒரு வீட்டையோ ஊரையோ எப்படி அடக்குவது? கப்கொம் நிறுவனம் 1996இல் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில் ஒரு வழி கண்டது. அறைகளை முன்கூட்டியே வரைந்த அசையாப் படங்களாக வைத்து, அவற்றின் மேல் மனிதர்களை மட்டும் முப்பரிமாணத்தில் நடமாட விட்டது. கமரா அசையாது. மூலைக்கு அப்பால் காலடிச் சத்தம் கேட்கும், ஆனால் அங்கே திரும்பிப் பார்க்க உங்களால் முடியாது. அடுத்த அறையை இறுவட்டிலிருந்து எடுக்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை மறைக்க, இருட்டுக்குள் ஒரு கதவு மெல்லத் திறக்கும் காட்சியை வைத்தார்கள். இயந்திரம் மூச்சு வாங்குகிறது; விளையாடுகிறவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இந்தக் கதவுக்கும் ஒரு முன்னோர் உண்டு. கப்கொம் 1989இல் ஜப்பானில் மட்டும் வெளியிட்ட ஸ்வீட் ஹோம் என்ற கேமிலேயே கதவுகள் இப்படித் திறந்தன.

சைலன்ட் ஹில்லை இயக்கிய கெய்சிரோ தொயாமாவின் குழு அசையாப் படங்களைக் கைவிட்டது. ஊர் முழுவதையும் முப்பரிமாணத்தில் கட்டியது. கமரா ஹரியோடு கூடவே போகும். ஆனால் தெருவின் மறுமுனையை வரைய இயந்திரத்துக்கு வலு இல்லை. ஆகவே மறுமுனையே தெரியாதபடி பனிமூட்டத்தால் மூடினார்கள். இரவில் பனிமூட்டத்தின் இடத்தை இருட்டு எடுத்துக்கொள்ளும், கையில் ஒரு டோர்ச் லைட் மட்டும். அகிரா யமவோகாவின் ஒலிகள் மிச்ச வேலையைச் செய்தன. இயந்திரத்துக்கு இருந்த தட்டுப்பாட்டை அவர்கள் அந்த ஊரின் குணமாகவே ஆக்கிவிட்டார்கள்.

இனி எமுலேட்டர். பெயரைக் கேட்டால் ஏதோ தொழில்நுட்ப வித்தை போலிருக்கும். உண்மையில் அது வேடம் கட்டுவதுதான். கைபேசியோ கணினியோ பிளேஸ்டேஷனின் வேடத்தைக் கட்டிக்கொள்கிறது. கேம் தான் சோனியின் பெட்டிக்குள்தான் இருப்பதாக நம்பி ஓடுகிறது. பழைய செயலிக்கென்று எழுதப்பட்ட ஒவ்வொரு கட்டளையையும் புதிய செயலிக்கு விளங்கும் கட்டளையாக மாற்றவேண்டும். எங்கள் நீதிமன்றங்களில் ஒரு மொழிபெயர்ப்பாளர் சாட்சியின் வாயைப் பார்த்து வசனம் வசனமாகச் சொல்வாரே, ஆரம்பகால முறை அதுதான். மெதுவானது. இப்போதுள்ளவை ஒரு பகுதியை ஒருமுறை மொழிபெயர்த்து எடுத்து வைத்துக்கொண்டு, அதே பகுதி திரும்ப வரும்போது எடுத்து வைத்ததையே நீட்டுகின்றன. நடுத்தர விலைக் கைபேசியிலும் பிளேஸ்டேஷன் கேம்கள் தடங்கலில்லாமல் ஓடுவது இதனால்தான்.

தேவையானவை மூன்று. எமுலேட்டர் மென்பொருள், முதலாவது பிளேஸ்டேஷனுக்கு டக்ஸ்டேஷன் நல்லது, ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டாவது, பிளேஸ்டேஷனைத் தொடக்கிவைக்கும் பயோஸ் என்ற சின்னக் கோப்பு. வெறும் 512 கிலோபைட்தான், ஆனால் அது சோனியின் சொத்து. மூன்றாவது, கேம் இறுவட்டின் பிரதி. இறுவட்டு கையில் இருந்தால் ஒரு டிவிடி டிரைவும் இம்பேர்ன் போன்ற இலவச மென்பொருளும் போதும். பிரதி 700 மெகாபைட்டுக்கு மேல் போகாது. என் இறுவட்டு அண்ணா ரொறன்ரோவில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கி, 2019இல் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தது. தருவதற்கு முன் தனக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். சட்டம் தேடி வந்தால் எங்கள் இருவரில் ஒருவர் மாட்டுவது உறுதி.

எந்தப் பதிப்பு என்பதையும் பார்க்கவேண்டும். ஐரோப்பியப் பதிப்புகள் 50 ஹேட்ஸ் ரீவிக்காகச் செய்யப்பட்டவை. அந்தக் காலக் கேம்கள் பல அதில் மெதுவாக ஓடும். சைலன்ட் ஹில்லில் உள்ளடக்கமே வேறு. பாடசாலைக்குள் கத்தியோடு வரும் சின்னஞ்சிறு உருவங்கள் அமெரிக்கப் பதிப்பில்தான் இருக்கின்றன. குழந்தைகளைப் போலத் தெரிகின்றன என்பதால் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அவற்றை மாற்றி வேறு பிராணிகளைப் போட்டார்கள். என் நினைவில் இருந்தவை குழந்தைகள். தவறான பதிப்பை எடுத்திருந்தால் என் நினைவில்தான் பிழை என்று முடிவு செய்திருப்பேன்.

சரி, அந்த மார்ச் இரவு நான் செய்த பிழைகளுக்கு வருகிறேன்.

முதலாவது, தெளிவு. பழைய கேம்கள் பெரும்பாலும் 320க்கு 240 புள்ளிகளில் வரையப்பட்டவை. எமுலேட்டரில் அதை நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று கூட்டலாம். நான் கூட்டினேன். பனிமூட்டத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் ஆகிவிட்டது. மங்கலாக இருந்தபோது எனக்கு முகமாகத் தெரிந்த ஹரியின் முகம், எட்டு மடங்குத் தெளிவில் மடித்த காகிதம். ரெசிடென்ட் ஈவிலில் நிலைமை இன்னும் மோசம். பின்னணிகள் அசையாப் படங்கள் என்பதால் அவற்றின் தெளிவு கூடாது, மனிதர்கள் மட்டும் பளிச்சென்று ஆவார்கள். மங்கிய சுவரில் ஸ்டிக்கர் ஒட்டியதைப் போலிருக்கும்.

இரண்டாவது, நடுக்கம். முதலாவது பிளேஸ்டேஷன் உருவங்களின் மூலைகளை முழு எண்களில்தான் கணக்கிடும், அரைப் புள்ளி கால் புள்ளி என்று எதுவும் அதற்குத் தெரியாது. அதனால் நடக்கும்போது சுவர்கள் மெல்ல நெளியும், தரை வழுகும். பிஜிஎக்ஸ்பி என்ற வசதி இதைத் திருத்திவிடும். மற்றக் கேம்களுக்கு நல்ல மருந்து. சைலன்ட் ஹில்லில் சுவர் நெளிவது ஒரு நோயாளியின் வீட்டுக்குள் நிற்பதைப் போன்ற உணர்வைத் தந்துகொண்டிருந்தது. திருத்தியபின் அவை வெறும் சுவர்கள்.

மூன்றாவது, புள்ளிகள். நிறங்கள் போதாததால் இரண்டு நிறங்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து மூன்றாவதைக் காட்டுவது அந்த இயந்திரத்தின் வழக்கம். இருட்டில் அது மணல் தூவியதுபோல் அசையும். 'உண்மை நிறம்' என்ற வசதியைப் போட்டால் புள்ளிகள் போய் இருட்டு வழவழப்பாகிவிடும். அந்த இருட்டுக்குள் ஒன்றும் இல்லை என்பதும் தெளிவாகத் தெரியும். அகலத் திரைக்கு நீட்டும் வசதியும் இதே வேலையைத்தான் செய்கிறது. கமராவுக்கு வெளியே என்று ஒதுக்கி வைத்தவை ஓரத்தில் தலைகாட்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கேடு விளைவிப்பது, நினைத்த இடத்தில் சேமிக்கும் வசதி. ரெசிடென்ட் ஈவிலில் ஒரு தட்டச்சு இயந்திரத்தையும் கையில் ஒரு மை நாடாவையும் கண்டுபிடித்தால்தான் சேமிக்கலாம், மை நாடாக்களும் எண்ணிக்கையில்தான் கிடைக்கும். சைலன்ட் ஹில்லில் அங்கங்கே கிடக்கும் குறிப்பேடுகளைத் தேடிப் போகவேண்டும். இறந்தால் அரை மணிநேர உழைப்பு போய்விடும் என்ற கணக்குத்தான் கதவைத் திறக்கும் கையை நடுங்க வைப்பது. எமுலேட்டரில் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் ஒரு பொத்தானை அழுத்தினேன். பிறகு எந்தக் கதவுக்கும் நான் பயப்படக் காரணம் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் எல்லாவற்றையும் நிறுத்தினேன். தெளிவு ஒரு மடங்கு. திருத்தங்கள் இல்லை. பழைய குழாய் ரீவியின் கோடுகளையும் மங்கலையும் போலச் செய்யும் ஒரு வடிகட்டியைப் போட்டேன். புளூடூத் ஹெட்போனில் சத்தம் சற்றுப் பிந்தி வருவதால் வயர் ஹெட்போனுக்கு மாறினேன். தொடுதிரைப் பொத்தான்களை விட்டு ஒரு சின்னக் கொன்ட்ரோலரை இணைத்தேன். விரல்கள் திரையை மறைத்தால் பாதி ஊர் தெரியாது. கொன்ட்ரோலருக்கு அதிரும் வசதியும் இருக்கவேண்டும். ஹரியின் உயிர் குறையும்போது அது இதயத் துடிப்பைப் போல உள்ளங்கையில் அடிக்கும். கடைசியாக ஒரு விசர் வேலையும் பார்த்தேன். ஆண்ட்ராய்டில் திரையின் நிறத்தை எடுத்துவிடும் வசதி இருக்கிறது, அதைப் போட்டேன். கறுப்பு வெள்ளை. ரேடியோ இரைந்தது. கைபேசியைக் கட்டிலில் வைத்துவிட்டு எழும்பிப் போய் அறைக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

எல்லாரும் இப்படித்தான் விளையாடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கண்பார்வை குறைந்த ஒருவருக்குத் தெளிவைக் கூட்டாமல் எழுத்துகளே தெரியாது. இரண்டு பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டு அரை மணிநேரம் விளையாடுகிறவரிடம் குறிப்பேடு தேடு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இரண்டாவது பிளேஸ்டேஷனுக்கு வந்த சைலன்ட் ஹில் 2 (2001) தெளிவைக் கூட்டினாலும் பெரிதாகக் கெடாது, உருவங்கள் அந்தளவு நன்றாகச் செய்யப்பட்டவை. முதலில் ஒரு தடவை மூலப் பெட்டியில் இருந்ததுபோல் வைத்துப் பாருங்கள், பிறகு உங்கள் விருப்பம் என்பதுதான் நான் நண்பர்களுக்குச் சொல்வது.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்று கேட்பார்கள். எமுலேட்டரும் கேமின் பிரதியும் வெவ்வேறு விடயங்கள். 1999இல் கொனெக்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் ஒன்றைக் காசுக்கே விற்றது. சோனி வழக்குப் போட்டது. 2000இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் கொனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. சோனியின் பயோஸை ஆராய்ந்து அதற்கு ஈடானதைத் தாமே எழுதியது நியாயமான பாவனை என்றது. அடுத்த வருடமே சோனி அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி விற்பனையை நிறுத்தியது. பிளீம் என்ற இன்னொரு நிறுவனமும் சோனியோடு நீதிமன்றத்தில் நின்றுபிடித்தது, ஆனால் சட்டச் செலவு தாங்காமல் 2001இல் மூடப்பட்டது. எமுலேட்டர் எழுதுவது குற்றமல்ல என்ற நிலைப்பாடு இந்த வழக்குகளோடு உறுதிப்பட்டது. கேமைப் பிரதி எடுத்து ஊருக்குப் பகிர்வது வேறு கதை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிகழ்ச்சிகளையும் பாதுகாக்கிறது. எங்களது வவுனியா இறுவட்டு எந்த நாட்டுச் சட்டத்தின்படியும் களவு இறுவட்டுத்தான்.

ஆனால் களவு என்று சொல்லி முடித்துக்கொள்ள முடியாத ஒரு பக்கமும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கக் கடை எங்கே? வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை. திகில் கேம்களில் நிலைமை கலவையானது. ரெசிடென்ட் ஈவிலின் முதல் மூன்று மூலக் கேம்களும் 2024இல் ஜிஓஜி என்ற இணையக் கடையில் கணினிக்காக வந்துவிட்டன. அவை வேண்டுமானால் எமுலேட்டரைத் தேடாமல் அங்கே வாங்குங்கள். ரூல் ஒஃப் ரோஸ், குவோன் போன்ற இரண்டாவது பிளேஸ்டேஷன் கேம்களின் மூல வட்டுகள் பழைய சாமான் சந்தையில் பல நூறு டொலர் விலை போகின்றன. அந்தக் காசில் ஒரு சதமும் அவற்றை உருவாக்கியவர்களுக்குப் போவதில்லை. அச்சில் இல்லாத கேம்களை ஆய்வாளர்களுக்குத் தூரத்திலிருந்து பார்க்கக் கொடுக்க நூலகங்கள் கேட்ட அனுமதியை, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் மறுத்துவிட்டது.

உரிமையாளர்களே பத்திரமாக வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. சைலன்ட் ஹில்லின் இரண்டாம், மூன்றாம் பாகங்களைக் கொனாமி 2012இல் புதிய தெளிவோடு எச்டி தொகுப்பாக வெளியிட்டது. அதைச் செய்த குழுவுக்குக் கொனாமியிடமிருந்து கிடைத்தது கேமின் இறுதி மூல நிரல் அல்ல, முடிவடையாத ஒரு நிலை. ஒருமுறை திருத்தப்பட்ட பிழைகளைத் திரும்பவும் திருத்தவேண்டி வந்தது. வெளிவந்தபோது ரசிகர்கள் அதிகம் திட்டியது பனிமூட்டத்துக்காகத்தான். அது மெலிந்துபோய், பின்னால் மறைக்கவேண்டியதெல்லாம் தெரிந்தது. நான் கைபேசியில் செய்த அதே பிழை, காசுக்கு. அதே கொனாமி 2014இல் இலவசமாகக் கொடுத்த பி.டி. என்ற குறுங்கேமை அடுத்த வருடமே சோனியின் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த பெட்டிகளில் மட்டும்தான் அது மிஞ்சியது.

எங்கள் ஊர்ப் பழைய சஞ்சிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் ஸ்கான் செய்து இணையத்தில் வைக்கும் நூலகம் நிறுவனத்தின் பக்கங்களைப் புரட்டும்போது எனக்கு இந்த எமுலேட்டர்க்காரர்களின் ஞாபகம் வரும். இரண்டு இடத்திலும் வேலையைக் கையில் எடுத்தவர்கள் அதைச் செய்யக் கடமைப்பட்டவர்கள் அல்ல.

அந்த உழைப்புக்குக் கிடைக்கும் மரியாதை சில நேரம் கேவலமானது. இரண்டாவது பிளேஸ்டேஷனுக்குக் கணினியில் பிசிஎஸ்எக்ஸ்2 இருபது வருடங்களுக்கு மேலாக வளர்ந்து வருகிறது. கைபேசிக்கு 2021இன் இறுதியில் ஈதர்எஸ்எக்ஸ்2 வந்தபோது எல்லாரும் வியந்தார்கள். அதை எழுதியவர் 2023 ஜனவரியில் வேலையை நிறுத்தினார். காரணம் சோனி அல்ல. பாவனையாளர்களின் தொல்லையும் மிரட்டல்களும்தான். இலவசமாகக் கொடுத்தவரையே வெருட்டிக் கலைத்துவிட்டார்கள். பழைய பதிப்புகள் இன்னும் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கின்றன. வலுவான கைபேசி இருந்தால் சைலன்ட் ஹில் 2 ஓடும், சூட்டில் கையில் பிடிக்க முடியாமலும் போகும்.

எமுலேட்டரால் கொண்டுவரவே முடியாத பயமும் உண்டு. நின்டெண்டோவின் கேம்கியூபுக்காக 2002இல் வந்த எடர்னல் டார்க்னஸ் கேமில் பாத்திரத்தின் மனநிலை குழம்பக் குழம்ப, கேம் உங்களையே ஏய்க்கத் தொடங்கும். ரீவியின் சத்தம் தானாகக் குறைவதுபோல் திரையில் காட்டும். நீங்கள் சேமித்து வைத்ததையெல்லாம் அழிப்பதுபோல் பாசாங்கு செய்யும். வரவேற்பறை ரீவிக்கு முன்னால் இருந்தவர்கள் ரிமோட்டைத் தேடினார்கள். டொல்பின் என்ற எமுலேட்டரில், கைபேசியில், ரீவியின் சத்தக் கோடு யாரை ஏமாற்றும்? எனக்கு நடந்தது இதற்கு நேரெதிர். ஒருநாள் படம் அப்படியே உறைந்து நின்றது. நல்ல வித்தை என்று ரசித்துக்கொண்டு ஐந்து நிமிடம் காத்திருந்தேன். எமுலேட்டர் உண்மையிலேயே நின்றுவிட்டிருந்தது.

வவுனியாவில் நாங்கள் நின்ற இடத்தை இன்னும் சொல்லவில்லை. மிட்விச் ஆரம்பப் பாடசாலையின் சங்கீத அறை. அங்கே ஒரு பியானோ, சுவரில் பறவைகளைப் பற்றிய ஒரு ஆங்கிலக் கவிதை. அதை விளங்கிக்கொண்டு சரியான ஒழுங்கில் கட்டைகளை அழுத்தினால்தான் அடுத்த இடத்துக்குப் போகலாம். எங்களுக்கு ஆங்கிலமும் போதாது, பியானோவைத் தொட்டதும் கிடையாது. கவிதையை முழுதாகக் கொப்பியின் பின் ஒற்றையில் எழுதிக்கொண்டுபோய் ஆங்கில ரியூசன் சேரிடம் அண்ணா கேட்டார். "இது எந்த வருசப் பாஸ்ட் பேப்பர்?" என்று சேர் கேட்டார். 2004இல் அண்ணா கனடா போனார். பெட்டி சில வருடத்தில் பழுதாகிவிட்டது. பிறகு இணையம் வந்தது, விடை எங்கும் கிடந்தது. நான் பார்க்கவில்லை. அண்ணாவும் பார்க்கவில்லை என்பது 2022இல் கேட்டபோதுதான் தெரிந்தது.

மே மாதத்தில் ஒரு இரவு வட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டே அந்த அறைக்குள் போனேன். ரொறன்ரோவில் பகல். கவிதையை அவருக்கு வாசித்தேன். இப்போது இரண்டு பேருக்கும் ஆங்கிலம் போதும்.

"தம்பி, சில கட்டையள் சத்தம் போடேல்லையடா. முந்தி எங்கட ரீவியில சத்தத்தைக் குறைச்சு வச்சிருந்தம், ஞாபகமிருக்கே?"

அதுதான் விடைக்கு வழி. சத்தம் வராத கட்டைகளைத்தான் அழுத்தவேண்டும். வெள்ளைப் பறவைக்கு வெள்ளைக் கட்டை, கறுப்புக்குக் கறுப்பு. 2003இல் பெரியம்மாவுக்காகக் குறைத்த சத்தத்தில் எது ஊமைக் கட்டை, எது ஊமையில்லை என்று எங்களுக்குக் கேட்டிருக்கவே கேட்டிருக்காது. இருபது நிமிடத்தில் பிடித்துவிட்டோம்.

அடுத்த குறிப்பேட்டில் சேமித்தேன். பிளேஸ்டேஷனின் மெமரி கார்ட் இப்போது ஒரு கோப்பு, 128 கிலோபைட். அதை அப்படியே அண்ணாவுக்கு அனுப்பினேன். அவர் தன் கணினியில் டக்ஸ்டேஷனைத் திறந்து அந்த இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒரு மணிநேரம் கழித்து வட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது.

"சங்கு ஊதீற்றுது. அம்மா மேலயிருந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லுறா."